திங்கட்கிழமையை ஆயருக்கு விட்டுவிடுங்கள்

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் பாஸ்டரேட் (ஒரே ஆயரின் கீழ் இருக்கிற நான்கு ஊர்ச் சபைகள்) கமிட்டி அங்கத்தினர்களுக்கும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் எங்களைப் போலவே சின்னச் சபைகளின் கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

பதினோரு வருஷம் பொருளாளராக இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டையும் பீரோ சாவியையும் ஒப்படைத்தேன். இன்னும் ஒன்று ஒப்படைக்காமல் என்னிடமே இருக்கிறது. அதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். கமிட்டிக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன், இரண்டு தடவை. மினிட்ஸில் ஏறவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஜூன் மாதம் வருகிற புது ஆயருக்கு, அதாவது நம் சபைக் குருவானவருக்கு, திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். அன்றைக்கு யாரும் ஆயர் வீடான பார்சனேஜ் கதவைத் தட்டக் கூடாது, போன் பண்ணக் கூடாது. சாவு என்றால் மட்டும் கூப்பிடலாம். அதுவும் செக்ரட்டரி மூலமாக.

இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஒரு காலத்தில் நானும் சிரித்தவன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஏழெட்டு வருஷம் முன்னால் இங்கே இருந்த ஆயர், கமிட்டியில் எல்லாப் பொருளும் முடிந்து, ஜெபத்துக்கு எழுந்திருக்கிற நேரத்தில் மெதுவாக, "திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் வீட்டோட இருக்கலாம்னு பார்க்கறேன்" என்றார். நான் சட்டென்று, "ஆண்டவரே ஏழாவது நாள்தான் ஓய்ந்திருந்தாரு ஐயா, நீங்க ரெண்டாவது நாளே கேக்கறீங்களே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

தோல் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கெழுதினவன் நான். கணக்கில் ஒரு தப்பு விழுந்தால் அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் விழுந்தது என்று தேடிப் பிடிக்காமல் தூங்க மாட்டேன். இந்தக் கணக்கில் தப்பு விழுந்த வரி அதுதான்.

அந்த ஆயரின் வாரத்தைப் பார்ப்போம். நான்கு ஊர் அவர் பொறுப்பு. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கோடு எங்கள் பாஸ்டரேட்டின் நடுவிலேயே விழுந்தது. காலை ஆறரை மணி ஆராதனை வேலூர் மாவட்டத்தில், பதினொன்றரை மணி ஆராதனை ராணிப்பேட்டை மாவட்டத்தில். நடுவில் ஒன்பது மணிக்கு எங்கள் ஊர். சாயங்காலம் நாலாவது ஊர். அங்கிக்கும் திருவிருந்துப் பாத்திரத்துக்கும் ஒரு ரெக்சின் பை, பழைய பைக், மே மாதத்து வெயில். நான்கு ஊரிலும் அதே பிரசங்கம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரே பாட்டை நான்கு முறை பாடுகிறவனுக்கும் தொண்டை நான்கு முறைதான் கட்டும்.

ஞாயிறு இப்படி முடிந்தால் திங்கள் எப்படி விடிகிறது? காலை ஐந்தரைக்கு முதல் போன். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிகிற நாள் திங்கள். ஆயருக்கு அங்கே யாரையாவது தெரிந்திருக்கும், கூட வந்தால் சீட்டு சீக்கிரம் கிடைக்கும் என்று நம் சபையில் பாதிப் பேருக்கு அசையாத விசுவாசம். உண்மையில் அவரும் நம்மோடு அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பார். அது முடிந்து வந்தால் ஞானஸ்நான சர்டிபிகேட், கல்யாண ஓலை எழுத வந்திருக்கிற இரண்டு குடும்பம், அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, பள்ளிக்கூட சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம். எதுவும் அவசரம் கிடையாது. எல்லாமே செவ்வாய்க்கிழமை வரை தாங்கும். ஆனால் திங்கட்கிழமை ஆயர் வீட்டில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். இருக்கிறவரை விட்டுவிட முடியுமா?

லெந்து நாட்களை, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தை, பற்றித் தனியாக எழுத வேண்டும். சாம்பல் புதனில் ஆரம்பித்து, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள் வீட்டு ஜெபம். நான்கு ஊரையும் சுற்றி வர வேண்டும் என்பதால் ஒரு ராத்திரிக்கு இரண்டு வீடு, சில நாள் மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் விரித்து, ஜெபம் முடிந்ததும் காபி. கூடவே கேசரி, பஜ்ஜி, பூந்தி. ஆயருக்குச் சுகர் இருந்தது. வந்த முதல் வருஷமே அவர் சொன்னார். நாமும் "ஐயோ பாவம்" என்றோம். ஆனால் அடுப்பில் ஏற்கெனவே சர்க்கரை போட்டுக் கலக்கிய காபியை என்ன செய்வது? பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு பாட்டியம்மா, அவர் டம்ளரைத் தொடாமல் வைத்ததைப் பார்த்து, "இன்னா ஐயரே, எங்க வூட்டுக் காபி மட்டும் கசக்குதா?" என்று கேட்டார். வெறும் ஏழு வார்த்தை. அன்றைக்கு ஆயர் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அது ஜாதி, அந்தஸ்து, பங்காளிச் சண்டை என்று எங்கெங்கோ போகும். எனவே எல்லா வீட்டிலும் குடித்தார்.

சுகர்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும், அடிபட்டால் தெரியாது. எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆள் இருக்கிறார்கள், அதனால் தெரியும். அந்த வருஷம் செருப்பு கடித்த ஒரு கொப்புளத்தோடு அவர் புனித வெள்ளி மும்மணி ஆராதனை முழுக்க நின்றார். சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணுகிற வேலையை மேற்பார்வை பார்த்தார். ஈஸ்டர் விடியற்காலை நாலரை மணி ஆராதனை. எல்லாம் முடிந்து திங்கட்கிழமை ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது கமிட்டி சார்பாக நான் வாங்கிக்கொண்டு போனது ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

எலியா சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அங்கே வந்த தூதன் எலியாவுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டதும் திரும்பவும் தூங்க விட்டான். எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். அதன் பிறகுதான் பயணம். அந்தத் தூதன் நம் கமிட்டியில் இருந்திருந்தால் எலியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வார அஜெண்டாவைப் படித்துக் காட்டியிருப்பான்.

சரி, ஆயர் ஓய்வெடுத்தால் வேலையை யார் செய்வது? நல்ல கேள்வி. இதற்குப் பதில் 2021 நவம்பரிலேயே கிடைத்தது, நாம்தான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை நம்மில் பலர் அதுவரை பார்த்ததே இல்லை. மணல் மட்டுமே பார்த்த ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர். தரைப்பாலம் மூழ்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் மூன்றாவது ஊருக்கு ஆயரால் மூன்று ஞாயிறு போக முடியவில்லை.

அங்கே என்ன நடந்தது? ரேஷன் கடையில் எடை போடுகிற தம்பி ஆராதனை முறைமையைப் படித்தார். எட்டாவது படிக்கிற பெண் வேதபாடம் வாசித்தாள். பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு வயசான அம்மா, தன் வீட்டுச் சுவர் இடிந்த ராத்திரி யார் யார் வந்து தூக்கினார்கள் என்று பேர் பேராகச் சொன்னார். அதில் பாதிப் பேர் சபையைச் சேர்ந்தவர்களே கிடையாது. காணிக்கையை எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தண்ணீர் வடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

தண்ணீர் வடிந்தது, ஆயர் திரும்பப் போனார், ரேஷன் கடைத் தம்பி திரும்பவும் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அங்கேதான் நாம் கோட்டை விட்டோம்.

திருவிருந்து கொடுக்க அபிஷேகம் பெற்ற ஆயர் வேண்டும். அதில் மாற்றம் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒவ்வொரு ஊருக்கும் திருவிருந்து என்று வைத்துக்கொண்டால், மற்ற மூன்று ஞாயிறும் அந்தந்த ஊர்க்காரர்களே ஆராதனையை நடத்தலாம். ஆயர் ஒரு நாளைக்கு ஒரே ஊரில் நின்று நிதானமாகச் சாப்பிட்டு, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, நடக்க முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்த்து வரலாம். இது ஒன்றும் புதுசு கிடையாது. 1853-ல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை ஆரம்பித்த காலத்திலிருந்தே நம் கிராமங்களில் தினசரி ஜெபத்தையும் பாடத்தையும் சுமந்தது ஊரோடு இருந்த உபதேசியார்தான். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், சாயங்காலம் உபதேசியார். வெள்ளைக்கார மிஷனரி ஐயர் எப்போதாவது குதிரையிலோ மாட்டு வண்டியிலோ வந்து போவார். நம் தாத்தா பாட்டிகள் ஐயர் வராத ஞாயிறுகளில்தான் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள்.

ஐடா ஸ்கட்டர் கதையை வேலூரில் சொல்லாத மேடை இல்லை. 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார், இன்றைக்கு எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள் என்று முடிப்போம். சின்னது பெரிதாக வேண்டும் என்பதற்கு அதை உதாரணம் காட்டியே பழகிவிட்டோம். எனக்கு அதில் வேறு இரண்டு வருஷங்கள்தான் கண்ணில் படுகின்றன: 1909-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஒரு டாக்டரம்மா இத்தனை கிராமங்களையும் தானே ஓடி ஓடிப் பார்த்து மாள முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கைகளைப் பெருக்கினார். நாம் என்ன செய்கிறோம்? ஒரே ஆயரைப் பிழிந்து ஐந்து ஆயர் வேலையை வாங்குகிறோம். எல்லாப் பாரத்தையும் தனியே சுமக்காதே, மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடு என்று மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன யோசனையை வைத்து நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலும் கமிட்டித் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு.

பணத்தைப் பற்றிப் பொருளாளர் பேசாமல் இருந்தால் தப்பாக நினைப்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். காணிக்கையை அன்றைக்கே இரண்டு பேர் எண்ணுங்கள், அவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். ஆயர் கையில் பணம் போகவே வேண்டாம், அது அவருக்கே பாதுகாப்பு. பேராயத்துக்கு நாம் கட்ட வேண்டிய அசெஸ்மென்ட் தொகையை மாதாமாதம் கட்டிவிடுங்கள். வருஷக் கடைசியில் மொத்தமாகத் தேடினால் அந்தப் பதற்றம் ஆயர் தலையில்தான் விழும். மூன்று மாதச் செலவுக்கான பணம் எப்போதும் பேங்கில் இருக்கட்டும். கோபுரம் வேண்டாம். டவுன் சபைக்குக் கோபுரம் இருக்கிறது என்று நாம் ஆரம்பித்த கோபுரத்தின் கம்பிகள் ஆறு வருஷமாக வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கின்றன. முப்பத்தெட்டு குடும்பம் நாம். பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். நமக்கு மணி ஓசை கேட்டால் போதும், மணிக்கூண்டு தெரிய வேண்டியதில்லை.

ஏலக் கணக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதில் நான் செய்தது இன்னொரு பிழை. அறுப்பின் பண்டிகை ஏலம் நம் வருஷ வரவில் பெரிய பங்கு. சேவல், தேங்காய்க் குலை, பூசணி, வீட்டில் செய்த அதிரசம். ஒரு வருஷம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஒரு கூடை வந்தது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தக் கத்தரிக்காய்க்கு நம் ஊர் ஆட்களிடம் ஒரு தனி மிடுக்கு. இரண்டு பங்காளிகள் போட்டி போட்டு ஏற்றினார்கள். கூடை இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குப் போனது. கைதட்டல், சிரிப்பு, ஒலிபெருக்கியில் வாழ்த்து. எடுத்தவர் தினக்கூலி. கையில் முன்னூறு ரூபாய் கொடுத்தார், மீதி ஏலப் பாக்கி நோட்டில் ஏறியது.

ஆறு மாதம் கழித்து, கமிட்டி தீர்மானப்படி, பாக்கிப் பட்டியலை அறிவிப்பு நேரத்தில் நான் வாசித்தேன். பேர், தொகை, பேர், தொகை. அவர் மனைவி முந்தானையை எடுத்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்தார். பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆயர்தான் மூன்று மாதம் அந்த வீட்டுக்கு நடந்தார், இன்னொரு ராத்திரி வேலையாக. பட்டியல் வாசித்த நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. தயவுசெய்து இனி பட்டியல் வாசிக்காதீர்கள். கையில் இருப்பதற்கு மட்டும் ஏலம் எடுக்கட்டும். வரவு குறையும், குறையட்டும். பழைய பாக்கி நோட்டை நான் சாவியோடு ஒப்படைக்கவில்லை. என்னிடம் இருக்கிறது. நீங்கள் தீர்மானம் போட்டால் கிழித்துவிடுகிறேன்.

ஆயரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் பெண்கள் சங்கத் தலைவி, பாட்டு வாத்தியார், ஓய்வுநாள் பள்ளி, கமிட்டிக்கு டீ, இதெல்லாம் அவர் வேலை என்று யாரோ எங்கேயோ எழுதி வைத்த மாதிரி நடந்துகொள்கிறோம். வருகிற ஆயரின் மனைவி கவர்ன்மெண்ட் பள்ளி டீச்சர் என்று கேள்வி. அவர் வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருவார். கமிட்டிக்கு டீ வெளியிலிருந்து வாங்குங்கள். கடை எதிர்த்தாற்போலத்தான் இருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு சுயாதீன சபைப் பாஸ்டர் இருக்கிறார், வாரம் முழுக்க மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை. அவருக்கு எந்தப் பேராயமும் சம்பளம் தருவதில்லை. கஷ்டமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "கஷ்டம்தான் அண்ணே. ஆனா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் யாரும் என்னப் பாஸ்டர்னு கூப்பிடறதில்ல. அதுவே ஒரு ரெஸ்ட்டு" என்றார். நம் ஆயருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. முடிவெட்டக் கடைக்குப் போனாலும் "ஐயரே, ஒரு ஜெபம்" என்று யாராவது பக்கத்து நாற்காலியிலிருந்து தலையை நீட்டுகிறார்கள்.

எப்படியும் மூன்று நான்கு வருஷத்தில் மாற்றலாகிப் போகப்போகிறவர்தானே என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. வாடகை சைக்கிளை மிதிக்கிற மாதிரி. அவர் இங்கிருந்து போகிற ஊரிலும் நம்மைப் போல முப்பத்தெட்டு குடும்பம் காத்திருக்கும். விரல் இல்லாத காலோடு அந்த ஆயர் நம்மிடமிருந்து போனபோது, அடுத்த பாஸ்டரேட்டின் பொருளாளர் எனக்குப் போன் பண்ணி, "எங்க ஆயர் நொண்டுகிறாரே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். சுகர் என்றேன்.

ஆகவே இரண்டாம் ஞாயிறு நடக்கிற முதல் கூட்டத்தில் இதை அஜெண்டாவில் முதல் பொருளாக வையுங்கள். கடைசியில் வைத்தால் ஜெபத்துக்கு எழுந்துவிடுவோம். தீர்மானமாக எழுதி, நான்கு ஊர் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். லெந்து வீட்டு ஜெபத்துக்குக் காபி கிடையாது, தண்ணீர் மட்டும் என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். கமிட்டியே சொல்லிவிட்டது என்றால் எந்தப் பாட்டியம்மாவுக்கும் கோபம் வராது. ரேஷன் கடைத் தம்பியிடம் நான் பேசிவிட்டேன், அவர் தயார். ஆனால் யாராவது முறைப்படி கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அது நியாயம்தான்.

புது ஆயரின் சாமான் லாரி சனிக்கிழமை மத்தியானம் வருகிறது. இறக்க ஆறு பேர் வேண்டும், பீரோ கனமாம். ஞாயிறு வரவேற்பு ஆராதனை, மாலை, பொன்னாடை எல்லாம் நடக்கட்டும். மறுநாள் திங்கட்கிழமை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பால்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பெல் அடிக்காமல் பாக்கெட்டை வாசல்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் பொருளாளர்